உயர்தரப் பிள்ளையளுக்கு இந்த டொக்டரின்ர புத்தகத்தைக் குடுக்கலாமோ?

மே 19, ஞாயிறு (ஒரு தாய் கேட்டது)

மகள் இப்பதான் ஓ.எல் எழுதி முடிச்சவ. பயோ செய்யப் போறா, ரியூசனும் தொடங்கியாச்சு. போல் கலாநிதி எண்ட டொக்டர் எழுதின 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' புத்தகத்தை வாசிக்கக் குடுக்கச் சொல்லித் தங்கச்சி சொல்லுறா. கடைசியில ஆள் செத்துப் போறாராம். பதினாறு வயசுப் பிள்ளைக்கு உது தேவையோ? உங்களில ஆரும் பிள்ளையளுக்குக் குடுத்துப் பாத்தனீங்களோ?

மே 19, இரவு

குடுங்கோ அக்கா. நான் ஏ.எல் பிள்ளையளுக்கு ஜெனரல் இங்கிலீஷ் படிப்பிக்கிறன். லண்டனில இருக்கிற மச்சாள் கொண்டுவந்து தந்த ஒரு பிரதி அஞ்சு வருஷமா என்ர வகுப்பில கை மாறிக்கொண்டிருக்கு. முதுகு கிழிஞ்சு ரேப் ஒட்டியிருக்கிறன்.

ஆள் சாகிறது கடைசியில தெரியவாற விஷயமில்லை. முதல் பக்கங்களிலேயே தன்ர ஸ்கானைத் தானே பாக்கிறார். நுரையீரல் முழுக்கப் பரவியிருக்கு. மூளைச் சத்திரசிகிச்சை நிபுணராக வாறதுக்கான பயிற்சி முடியிற நேரம். ஆறு வருஷமா மற்ற ஆக்களின்ர ஸ்கானைப் பாத்துப் பாத்துப் பழகின கண், அண்டைக்குத் தன்ரதைப் பாக்குது. அதுக்குப் பிறகு வாறதெல்லாம், எவ்வளவு நாள் இருக்கெண்டு தெரியாத ஒரு மனுசன் அந்த நாளை என்ன செய்தார் எண்ட கதை. 37 வயசில நோய் பிடிபட்டு 2015 மார்ச்சில போயிட்டார். எழுதி முடிக்கேல்லை. கடைசிப் பகுதியை மனுசி லூசி எழுதினவ. அவவும் டொக்டர். 2016 ஜனவரியில புத்தகம் வந்தது.

என்னைக் கேட்டால், பயோ எடுக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பாடம் தெரிவு செய்ய முதல் இதை வாசிக்க வேணும். "ஏன் டொக்டர்?" எண்டு கேட்டால் எங்கட பிள்ளையள் "அம்மான்ர ஆசை", "ஒன்பது ஏ வந்தது" எண்டுதான் சொல்லுவினம். அந்தக் கேள்விக்கு இவர் ஒரு புத்தகம் முழுக்கப் பதில் தேடுறார்.

மே 20

பிழை விட்டிட்டன். நோய் பிடிபட்டது 36 வயசில, 2013 மே மாதம். 37 சாகேக்க இருந்த வயசு. சிகரெட் பிடிச்சவரோ எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். இல்லை, பிடிச்சதில்லை. அந்தக் கேள்வியை என்ர வகுப்பிலயும் ஆராவது கேக்காமல் விடுறதில்லை. "பழக்கம் ஏதும் இருந்ததோ?" எண்டு கேக்கிறது எங்கட ஊரில வருத்தக்காரரைப் பாக்கப் போறவை வாசலில செருப்புக் கழட்டேக்கயே கேக்கிறது. தயவு செய்து பிள்ளையளுக்கு அந்தப் பழக்கத்தைக் குடுக்காதேங்கோ.

மே 21

"கலாநிதி எண்டால் எங்கட ஆளோ? எந்த ஊர்?" எண்டு கனபேர் கேட்டிட்டியள். தகப்பன், தாய் ரெண்டு பேரும் இந்தியாவின்ர தெற்கில இருந்து அமெரிக்கா போனவை. தகப்பன் கிறிஸ்தவர், தாய் இந்து. கலியாணத்துக்கு ரெண்டு வீட்டிலயும் எதிர்ப்பு. யாழ்ப்பாணம் இல்லை.

என்ர வகுப்பில நடந்ததைச் சொல்லோணும். அட்டையில பேரைப் பாத்திட்டு ஒரு பெடியன், "ரீச்சர், இவர் என்ன பாடத்தில கலாநிதி?" எண்டு கேட்டான். இஞ்ச பல்கலைக்கழகத்தில பிஎச்டி முடிச்சால்தானே பேருக்கு முன்னால கலாநிதி வரும். அது குடும்பப் பேர் எண்டு விளங்கப்படுத்தினன். "அப்ப டொக்டர் கலாநிதி எண்டால் ரெண்டு தரம் டொக்டரோ?" எண்டு அடுத்த கேள்வி. அண்டைக்கு முழுப் பீரியட்டும் சிரிப்பு. ஆனா அந்தச் சிரிப்போடதான் புத்தகம் முன் வாங்கில இருந்து பின் வாங்குக்குப் போனது.

மே 26

முதல் இரவு எழுதினதில முக்கியமான ஒண்டை விட்டிட்டன். எப்பிடிக் குடுக்கிறது எண்டதை.

ஜெனரல் இங்கிலீஷ் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற இசட் ஸ்கோர் புள்ளிக்குச் சேராது. அதால என்ர பீரியட்டில மேசைக்குக் கீழ பிசிக்ஸ் பாஸ்ட் பேப்பர் ஓடும். அவையைக் குறை சொல்லேலாது. அதுகளுக்கு நித்திரை கொள்ளவே நேரமில்லை, காலமை அஞ்சரைக்கு ஒரு ரியூசன், பின்னேரம் ரெண்டு. இங்கிலீஷில முழுப் புத்தகம் வாசிக்கிற பிள்ளை ஒரு வகுப்பில மூண்டு பேர் தேறாது. அதால நான் பக்கத்தைப் பாத்துக்கொண்டு வாயால தமிழில சொல்லிக்கொண்டு போறனான். கிழமைக்குப் பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

போன வருஷம் ஐஸ்கிறீம் வாற இடத்தைச் சொன்னன். அவர் பயிற்சி டொக்டரா இருக்கேக்க மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு ஐஸ்கிறீம் சான்ட்விச் வைச்சிருக்கிறார். சாப்பிட முதல் அவசரப் பிரிவுக்குக் கூப்பிடுகினம். மோட்டச்சைக்கிளில அடிபட்ட 22 வயசுப் பெடியன். ஐஸ்கிறீமை அங்க இருந்த கொம்பியூட்டருக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிட்டு வேலை பாக்கிறார். பெடியன் தப்பேல்லை. உடலைப் பாக்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகினம். பேந்துதான் ஐஸ்கிறீம் ஞாபகம் வருது. மெல்லத் திரும்பிப் போய், பெடியன்ர உடல் கிடக்கிற அந்த அறையில இருந்து அதை எடுத்துக்கொண்டு வாறார்.

நான் நிப்பாட்டினன். பிசிக்ஸ் பேப்பர் எல்லாம் மேசைக்கு மேல வந்திட்டுது.

ஒரு பிள்ளை எழும்பி, "அவர் மனுசனே இல்லை ரீச்சர்" எண்டாள். கோவத்தில குரல் நடுங்கினது. இன்னொருத்தி, "அவர் பசியில இருந்தவர், பசிக்கிறது குற்றமோ" எண்டாள். அப்ப பின் வாங்கில இருந்து, ஒரு நாளும் வாய் திறக்காத ஒரு பெடியன் சொன்னான்: "எங்கட அண்ணா 1990 எண்ட நம்பருக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸில வேலை. ஒரு நாள் விடிய மூண்டு மணிக்கு வந்தவன். ஏத்தின ஆள் வழியிலயே முடிஞ்சிட்டுதாம். கையைக் கழுவிப்போட்டுப் புட்டும் மீன்குழம்பும் கேட்டவன். அம்மா ஏசிப்போட்டா. அவன் ஒண்டும் சொல்லேல்லை, கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுப் போய்ப் படுத்திட்டான். நாங்கள் அண்டைக்கு அவனுக்குச் சாப்பாடு குடுத்திருக்கோணும்."

ஒருத்தரும் கதைக்கேல்லை. கோவப்பட்ட பிள்ளை மெல்ல இருந்தாள்.

எனக்கு இந்தப் புத்தகம் அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் வேணும். தான் எங்க கல்லாகிப் போனன் எண்டதை அந்த மனுசன் ஒளிக்கேல்லை, தானே எழுதி வைச்சிருக்கிறார். வெள்ளைக் கோட்டுக்காரரைத் தெய்வம் எண்டு கும்பிடுற ஊரில, கோட்டுப் போடப்போற பிள்ளையள் அதைக் கேக்கோணும்.

மே 28

கனடாவில இருந்து எழுதின தம்பிக்கு: ஓம், நீங்கள் சொல்லுறது சரி. அமெரிக்காவில முதல் ஒரு டிகிரி, பேந்துதான் மெடிசின். அதால அவருக்கு அலைய நேரம் இருந்தது. ஸ்டான்போர்டில ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் சேத்துப் படிச்சார், கேம்பிரிட்ஜில விஞ்ஞானத்தின்ர வரலாறும் தத்துவமும், அதுக்குப் பிறகுதான் யேல் மருத்துவக் கல்லூரி. எங்கட பிள்ளை ஓ.எல் முடிஞ்ச கிழமையே முடிவெடுக்கோணும். ஆர்ட்ஸ் எடுத்தால் பிறகு மெடிசின் பக்கம் திரும்பியும் பாக்கேலாது.

ஆனா அதுக்காகக் குடுக்காமல் விடுறதோ? வேற மாதிரி ஒரு பாதையும் உலகத்தில இருக்கெண்டு தெரியிறதில என்ன நட்டம்? அதோட, அவற்ற தாய் செய்ததை இஞ்சயும் செய்யலாம். அரிசோனா வனாந்தரத்தில ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடம் சரியில்லை. அந்த மனுசி எங்கயோ இருந்து ஒரு வாசிப்புப் பட்டியல் தேடி எடுத்து, பத்து வயசுப் பிள்ளைக்குப் பெரிய ஆக்களின்ர புத்தகங்களைக் குடுத்தவ. ஊர்ப் பள்ளிக்கூடத்தில நல்ல வகுப்புகள் தொடங்க வேணுமெண்டு போராடினவ. பிள்ளையளுக்குச் சொல்லேக்க அந்தப் பக்கத்தைத்தான் நான் முதல் சொல்லுறது. அதைத் தாய்மாரும் கேக்கோணும்.

யூன் 2

வெள்ளிக்கிழமை ஏ.எல் ரிசல்ட்ஸ் வந்தது. ரெண்டு நாளாப் போன் ஓயேல்லை. அழுகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கேக்க, மே 19இல நான் எழுதின "ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்க வேணும்" எண்ட வசனம் மனசில குத்துது. அதைத் திருப்பி எடுக்கிறன்.

தெரியாத ஆக்களுக்காக: பல்கலைக்கழக இடங்களில 40 வீதம் நாடு முழுக்கத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்தில போட்டி கடுமை. தசமப் புள்ளிக்குப் பிறகு வாற நாலு இலக்கத்தில ஒரு பிள்ளையின்ர மூண்டு வருஷம் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் ஷையில, அதாவது ஏ.எல் எழுதின முதல் தடவையில தவறி, ரெண்டாம் ஷையிலும் தவறி, மூண்டாவதுக்கு இருக்கிற பிள்ளைக்கு, மெடிசினே உயிரின்ர அர்த்தம் எண்டு ஒருத்தர் எழுதினதைக் குடுக்கிறது சரியோ? புத்தகம் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா அந்த நேரத்தில அந்தப் பிள்ளைக்கு அப்பிடித்தான் கேக்கும்.

இன்னொண்டு. அவரோட வேலை செய்த டொக்டர் சிநேகிதன் ஒருத்தர், தான் பாத்த நோயாளி இறந்ததைத் தாங்கேலாமல் தன்ர உயிரை மாய்ச்சுக்கொண்டது அதில வருது. சில பக்கம்தான். ஆனா ரிசல்ட்ஸ் வாற மாதத்தில எங்கட ஊரில ஒவ்வொரு தாயும் என்னத்துக்குப் பயந்துகொண்டு இரவில எழும்பிப் பிள்ளையின்ர அறையை எட்டிப் பாக்கிறா எண்டு எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் பிள்ளை தனிய வாசிக்கக் கூடாது. நான் அதுக்கு ஒரு பீரியட் முழுக்க ஒதுக்கிறனான். அவர் ஆரிட்டைப் போய்ச் சொல்லியிருக்கலாம், நீங்கள் ஆரிட்டைச் சொல்லுவியள், பேர் எழுதுங்கோ எண்டு கேப்பன். எழுதினதை நான் வாங்கிறதில்லை. கொப்பிக்குள்ள வைச்சிருக்கட்டும். அக்கா, உங்கட மகளுக்குக் குடுத்தால் அந்த இடம் வரேக்க பக்கத்தில இருங்கோ.

யூன் 9

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு ஒரு கிழமை யோசிச்சன்.

2022. பெற்றோல் இல்லாத காலம், பள்ளிக்கூடம் கிழமையில மூண்டு நாள் நடந்தால் பெரிய விஷயம். வகுப்பில நல்லா இங்கிலீஷ் வாசிக்கிற ஒரே ஒரு பெடியன், அளவெட்டிப் பக்கம். மெடிசின் கனவு. நான் பெருமையோட இந்தப் புத்தகத்தைக் கூப்பிட்டுக் குடுத்தன். "உனக்குத்தான் இது" எண்டு சொன்னன். ஒண்டும் விசாரிக்கேல்லை.

மூண்டாம் நாள் மேசையில புத்தகம் இருந்தது. உதயன் பேப்பரில வடிவாச் சுத்தி, மூலை மடிச்சு, நூலால கட்டி. "வாசிச்சிட்டியோ?" எண்டு கேட்டன். "ஓம் ரீச்சர்" எண்டான். கண்ணைப் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு என்ர பீரியட்டில மூண்டு கிழமை அவன் இல்லை.

இன்னொரு பிள்ளை சொல்லித்தான் தெரியும். தாய்க்குப் புற்றுநோய், தெல்லிப்பழையில வைத்தியம். பெற்றோல் இல்லாததால ஓட்டோ இல்லை. அவன்தான் தாயைச் சைக்கிள் கரியரில வைச்சு உழக்கிக்கொண்டு போய் வாறவன். மருந்து ஏத்தின நாளில தாய்க்குச் சத்தி வரும், வழியில ரெண்டு மூண்டு இடத்தில நிப்பாட்டித் தண்ணி குடுத்து, முகம் துடைச்சு, பேந்து உழக்குவானாம். அந்தச் சைக்கிளை விட்டு இறங்கி வந்த பிள்ளையின்ர கையிலதான் நான் அந்தப் புத்தகத்தைக் குடுத்திருக்கிறன்.

அடுத்த வருஷம் தாய் போயிட்டா. செத்தவீட்டுக்குப் போனன். அவன் வாசலில நிண்டு வந்த ஆக்களைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டான். மன்னிப்புக் கேக்க வேணுமெண்டு போனனான், ஒரு சொல்லும் வரேல்லை. கையைப் பிடிச்சன்.

அதுக்குப் பிறகு நான் கேக்காமல் குடுக்கிறதில்லை. "வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?" எண்டு நேராக் கேட்டால் "இல்லை" எண்டுதான் சொல்லுவினம், எங்கட ஊரில கான்சர் எண்ட சொல்லையே மெதுவாத்தான் சொல்லுறது. நான் கதையை முதல் முழுக்கச் சொல்லுவன், ஆள் சாகிறதும் சேத்து. சொல்லிப்போட்டுப் புத்தகத்தை அலுமாரியில வைச்சிடுவன். வேண்டியவை தாங்களாக வந்து எடுக்கட்டும்.

யூன் 10

தெல்லிப்பழையைப் பற்றிக் கேட்டவைக்கு: அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு முதல் எங்கட சனத்தில கனபேர் கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. போரில ஏ9 பாதை பூட்டியிருந்த காலத்தில அது எப்பிடிப்பட்ட பயணம் எண்டு வயசானவையைக் கேளுங்கோ. 2011இல தெற்கில தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை மட்டும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எண்டு எல்லாரும் நடந்து காசு சேத்துக் கட்டின கட்டடம் அது. 2016இல எதிர்ப்பக்கமா நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குக் காசு சேத்தவை. பிள்ளையளுக்கு இதையும் சொல்லலாம்.

யூலை 7

கன நாளா எழுதேல்லை, சோதனைத் தாள் திருத்தம்.

"அமெரிக்க டொக்டரின்ர கதை எங்கட பிள்ளையளுக்கு எதுக்கு, எங்கட மண்ணில இல்லையோ?" எண்டு ஒரு ஐயா எழுதியிருந்தார். ஐயா, இளம் டொக்டர் எண்டால் எங்கட மண்ணில முதல் ஞாபகம் வாறவரும் அமெரிக்கர்தான். மானிப்பாய் சாமுவேல் கிறீன். 1847இல, 25 வயசாகப் போற நேரம் வந்தவர். 60இற்கும் மேற்பட்ட எங்கட பெடியளை டொக்டராக்கினவர், பிற்காலத்தில முழுக்கத் தமிழிலேயே. அதுக்காகத் தமிழ் படிச்சு, உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம் எல்லாத்துக்கும் தமிழில புத்தகம் ஆக்கினவர். என்ர அம்மம்மா பிறந்தது அந்த மானிப்பாய் ஆஸ்பத்திரியிலதான்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், ஐஸ்கிறீம் கதையைத் தமிழில சொன்ன மாதிரி ஸ்கான் பார்க்கிற இடத்தைச் சொல்லேக்க எனக்குச் சொல் கிடைக்கேல்லை. புத்தகத்தில இருக்கிற வருத்தத்தைப் பயோப் பிள்ளையள் "சுவாசப்பைப் புற்றுநோய்" எண்டினம். வீட்டில அது "நெஞ்சில வருத்தம்". தலைப்பைத் தமிழில சொல்லச் சொல்லிக் கேட்டன். "மூச்சு காற்றாகும்போது" எண்டு கொப்பியில எழுதினதை ஒருத்தி வாசிச்சாள். இன்னொருத்தி, "எங்கட அப்பாச்சி சாகேக்க மூச்சு அடங்கிட்டுது எண்டுதான் சொன்னவை, காற்றாப் போச்செண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" எண்டாள். சரியான பேச்சு. 'அடங்கிறது' எண்டால் உள்ள போய் நிக்கிறது, இவர் சொல்லுறது வெளிய போய்க் கலக்கிறது. அரை மணித்தியாலம் அந்த ஒரு சொல்லிலேயே போச்சு. மரணத்தைப் பற்றிப் பதினேழு வயசுப் பிள்ளையள் அரை மணித்தியாலம் பயமில்லாமல் கதைச்சதை நான் வேற எங்கயும் காணேல்லை.

யூலை 8

அக்கா, உங்கட செய்தி கண்டன். மகளிட்டைக் கதை முழுக்கச் சொல்லிக் கேட்டனீங்கள், அவ தானே வாசிக்கப் போறன் எண்டவா, நல்லது. புத்தகம் கடையில இல்லையெண்டால் என்ரதைத் தாறன். வாற சனி சுன்னாகம் சந்தைக்கு வருவன், அங்க வாங்கோ. ரேப் ஒட்டின இடத்தை மட்டும் பாத்துப் பிடிக்கச் சொல்லுங்கோ.

ஓகஸ்ட் 11

நல்லூர்க் கொடி ஏறி மூண்டாம் நாள். பின்னேரப் பூசைக்குப் போட்டு மேற்கு வீதியில மணலுக்க நடந்து வாறன், பின்னால "ரீச்சர்" எண்டு ஒரு குரல். அளவெட்டிப் பெடியன். வேட்டி, வெறும் மேல், நெத்தி நிறையத் திருநீறு. மெடிசின் கிடைக்கேல்லை. நேர்சிங்குக்குப் பாத்துக்கொண்டிருக்கிறானாம், அதுவரைக்கும் ஒரு மருந்துக்கடையில நிக்கிறான்.

கச்சான் வாங்கிக்கொண்டு ஓரமா நிண்டு கதைச்சம். ரெண்டு வருஷமா நெஞ்சில கிடந்ததை அண்டைக்குச் சொன்னன். விசாரிக்காமல் குடுத்தது என்ர பிழை, மன்னிச்சுக்கொள் எண்டன். அவன் பதறிப்போனான். "இல்லை ரீச்சர், நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான்" எண்டான். எனக்கு விளங்கேல்லை. மருந்து ஏத்திற நாளில கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து, நான் வகுப்பில செய்யிற மாதிரிப் பக்கத்தைப் பாத்துப் பாத்துத் தமிழில சொன்னவனாம். மூண்டு நாளும். தாய்க்குப் பிடிச்சது அந்தத் தாயின்ர பகுதி, வாசிப்புப் பட்டியல். "நானும் உன்னை வாசிக்க வைச்சனான்தானே" எண்டு சொன்னவவாம். குழந்தை பிறக்கிற இடத்தில அழுதவவாம். வருத்தத்தோட இருக்கேக்க அவையள் பிள்ளை பெறுறதெண்டு முடிவெடுத்ததை "கெட்டிக்காரர்" எண்டவவாம்.

"பேந்து ஏன் மூண்டாம் நாளே கொண்டுவந்து வைச்சனி?" எண்டு கேட்டன்.

"அவர் எழுதினது முடிஞ்சுது ரீச்சர். அதுக்குப் பிறகு மனுசி எழுதினது இருந்தது. அதை அம்மா 'வேண்டாம், கொண்டுபோய்க் குடு' எண்டிட்டா."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கச்சான் கோதை உடைச்சுக்கொண்டு நிண்டம். போகேக்க கேட்டான், அந்தப் புத்தகம் இன்னும் இருக்கோ, அந்தக் கடைசிப் பகுதியை இப்ப வாசிக்கலாமோ எண்டு.

அக்கா, மகள் எந்த இடத்தில நிக்கிறா? அவசரப்படுத்த வேண்டாம். முடிச்சவுடன ஒருக்காச் சொல்லுங்கோ. தேர்த் திருவிழாவுக்கு அவன் திரும்ப வருவான், அப்ப குடுக்கலாமெண்டு சொல்லியிருக்கிறன்.